சில்வியாவைக் கண்டவர்: சென்னை வானியலறிஞர் போக்சன்

வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாத மக்களினம் உலகில் இல்லை. உழவர் மழைக்காலம் அறியவும், கடலோடிகள் திசையறியவும் விண்மீன்களை நாடினர். தொழுகை நேரங்களையும் கிப்லாவின் திசையையும் பிறை தோன்றும் நாளையும் கணிக்க வேண்டியிருந்த இஸ்லாமிய உலகில் வானியல் சமயக் கடமையோடு இணைந்தே வளர்ந்தது. வானங்களின் படைப்பையும், இரவும் பகலும் மாறிமாறி வருவதையும் அறிவுடையோர் சிந்திப்பதற்குரிய சான்றுகளாகத் திருமறை காட்டுகின்றது. அத்தகைய வானத்தை நோக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டு, நம் சென்னை மாநகரில் முப்பதாண்டுகளைக் கழித்து இம்மண்ணிலேயே மறைந்த நார்மன் ராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேய அறிஞரின் வரலாற்றையும், அவர் கண்டறிந்த சில்வியா என்னும் சிறுகோளின் இயல்புகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

சிறுகோள் மண்டலம்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பரந்த வெளி ஒன்று உண்டு. அவ்வெளியில் கோள் ஒன்று இருத்தல் வேண்டும் எனப் பதினெட்டாம் நூற்றாண்டின் வானியலார் கருதினர். 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இத்தாலி நாட்டைச் சேர்ந்த பியாசி என்னும் துறவி சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலிருந்து சீரிசு என்னும் பொருளை அங்குக் கண்டார். அடுத்த ஆறு ஆண்டுகளில் பல்லாசு, சூனோ, வெசுட்டா என மேலும் மூன்று கிடைத்தன. அதன்பின் 1845 வரை ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பெருங்கோளுக்குப் பதிலாகச் சிறிய பாறைப் பொருள்கள் எண்ணற்றவை அங்கு ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன என்பது மெல்லமெல்லப் புலனாயிற்று. இன்று பத்து இலக்கத்திற்கும் மேற்பட்ட சிறுகோள்கள் அறியப்பட்டுள்ளன. ஆயினும், போக்சன் இத்துறையில் அடியெடுத்து வைத்த காலத்தில் அவற்றைக் கைவிரல்களிலும் கால்விரல்களிலும் எண்ணி முடித்துவிடலாம். புதிதாக ஒன்றைக் காண்பது அந்நாளில் பெரும்பேறாகக் கருதப்பட்டது.

பிறப்பும் இளமையும்

போக்சன் 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். தந்தையார் ஆலைத்தொழில் நடத்தியவர். பல்கலைக்கழகப் படிப்பு போக்சனுக்கு வாய்க்கவில்லை. பதினாறாம் வயதிலேயே பள்ளியை விட்டு வெளியேறிய அவர் கணிதத்தில் கொண்ட ஈடுபாட்டினால் தாமே முயன்று கற்றார். இரசல் ஹிண்டு என்னும் வானியலறிஞரின் வழிகாட்டுதலில் பதினெட்டாம் வயதில் இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணித்தார். பட்டமில்லாத அவ்விளைஞருக்கு வானியல் உலகில் நுழைவுச்சீட்டாக அமைந்தது அக்கணக்கேயாகும்.

1851இல் இலண்டனில் இருந்த தனியார் வானாய்வகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஆக்சுபோர்டு நகரின் இராட்கிளிப் வானாய்வகத்தில் பணியேற்றார். அங்கிருந்தபோது 1856 மே 23 அன்று தம் முதற் சிறுகோளைக் கண்டார். அதற்கு ஐசிசு எனப் பெயரிடப்பட்டது. 1852இல் பிறந்த அவர்தம் மகள் எலிசபெத்து ஐசிசின் பெயரிலும், ஆக்சுபோர்டு நகரை ஒட்டி ஓடும் தேம்சு ஆற்றுக்கு அங்கு வழங்கும் பெயரிலும் அச்சொல் இருப்பது கருதத்தக்கது. இக்கண்டுபிடிப்புக்காகப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் இலாலண்டு பரிசு அவருக்குக் கிடைத்தது. 1857இல் ஏரியாட்னி, எசுட்டியா என்னும் மேலும் இரண்டு சிறுகோள்களையும் அவர் கண்டறிந்தார்.

ஒளியை அளந்த கோல்

இன்று உலகெங்கும் வானியல் மாணவர் போக்சனை அறிவது சிறுகோள்களால் அன்று. விண்மீன்களின் ஒளியை அளப்பதற்கு அவர் வகுத்த கணக்கினால் ஆகும். அதன் முன்வரலாறு நம் கவனத்திற்குரியது.

கிரேக்க வானியலார் விண்மீன்களை ஒளியின் அளவால் ஆறு தரங்களாகப் பகுத்தனர். மிக ஒளியுடையவை முதல் தரம். கண்ணுக்கு அரிதில் புலப்படுபவை ஆறாம் தரம். தாலமியின் நூலில் இடம்பெற்ற இப்பகுப்பைக் கி.பி. பத்தாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த அப்துர் ரகுமான் அல்சூபி அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் தம் கண்ணால் மீண்டும் நோக்கி, தரங்களைத் திருத்தி, ஏறத்தாழக் கி.பி. 964இல் நிலையான விண்மீன்கள் பற்றிய தம் நூலை அரபு மொழியில் யாத்தார். முன்னோர் சொல்லிவிட்டனர் என்று வாளாவிராமல் மீண்டும் சரிபார்த்த அப்பண்பினாலேயே அவர் நூல் பல நூற்றாண்டுகள் நிலைபெற்றது.

எனினும், ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் இடையே ஒளி எத்தனை மடங்கு வேறுபடுகின்றது என்பதற்குத் திட்டவட்டமான விதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இல்லை. தொலைநோக்கி வந்தபின் ஆறாம் தரத்திற்கும் கீழ்ப்பட்ட மங்கலான பொருள்கள் ஆயிரக்கணக்கில் தென்படவே குழப்பம் மிகுந்தது. ஒரே விண்மீனை ஒருவர் ஒன்பதாம் தரம் என்றும் மற்றொருவர் பத்தாம் தரம் என்றும் எழுதினர்.

போக்சனுக்கு இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. சிறுகோள்கள் ஞாயிற்றுக்கும் புவிக்கும் அண்மையில் வரும்போது ஒளி கூடியும், அகலும்போது குறைந்தும் தோன்றும். 1857ஆம் ஆண்டில் ஒவ்வொரு திங்களின் முதல் நாளன்றும் முப்பத்தாறு சிறுகோள்கள் எத்தரத்தில் தோன்றும் என முன்கூட்டிக் கணித்து வெளியிட அவர் விரும்பினார். அதற்கு உறுதியான அளவுகோல் இன்றியமையாததாயிற்று. முதல் தரம் ஆறாம் தரத்தைப் போல் நூறு மடங்கு ஒளியுடையது என்று கொண்டு, ஐந்து படிகளுக்கும் அந்நூறு மடங்கைச் சமமாகப் பங்கிட்டார். நூறின் ஐந்தாம் மூலம் 2.512. ஆகவே, ஒவ்வொரு தரமும் தனக்கு அடுத்ததைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளி பெற்றதாகின்றது. 1856இல் இருபத்தேழு வயது இளைஞர் முன்வைத்த இவ்விகிதம் பின்னர் உலகப் பொதுவாயிற்று. இன்று விண்வெளித் தொலைநோக்கிகள் காட்டும் மிகமங்கிய பொருள்களும் இக்கோலாலேயே அளக்கப்படுகின்றன.

சென்னை வருகை

1859இல் ஆர்ட்வெல் என்னும் ஊரில் இருந்த தனியார் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்ற போக்சன், 1860இல் சென்னை அரசு வானியலறிஞராக நியமனம் பெற்றார். 1861 பிப்ரவரியில் குடும்பத்துடன் சென்னை வந்தடைந்தார்.

சென்னை வானாய்வகம் அப்போதே பழம்பெருமை வாய்ந்தது. 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவர் தம் இல்லத்தில் தொடங்கிய ஆய்வகம் கிழக்கிந்தியக் குழுமத்தின் கைக்கு வந்து, 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் இயங்கியது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் ஒன்று அதன் நினைவாக அங்கு நிற்கின்றது. போக்சனுக்கு முன்பு அங்குப் பணியாற்றிய டெய்லர் ஏறத்தாழ பதினோராயிரம் விண்மீன்களின் இடங்களைக் குறித்த அட்டவணையை 1844இல் வெளியிட்டு ஐரோப்பிய அறிஞரின் பாராட்டைப் பெற்றிருந்தார். அத்தகைய இருக்கையில் அமர்ந்த போக்சனிடம் உலகம் மிகுதியாக எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

வந்த இரண்டு திங்களுக்குள் அவர் அவ்வெதிர்பார்ப்புக்கு விடையளித்தார். 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்திலிருந்து புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். அது சிறுகோள் வரிசையில் 67ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதலாவது. ஆகவே, அதற்கு ஆசியா என்றே பெயர் சூட்டினார்.

சிறுகோள் தேடும் முறை

அக்காலத்தில் சிறுகோளைக் காண்பது எத்துணைப் பொறுமையை வேண்டியது என்பதை இன்றைய மாணவர் உணர்தல் நலம். தொலைநோக்கியிலும் சிறுகோள் ஒரு மங்கிய புள்ளியாகவே தோன்றும். அருகிலுள்ள ஆயிரம் விண்மீன்களிலிருந்து அதனைப் பிரித்தறியத் தோற்றத்தால் இயலாது. விண்மீன் தன்னிடத்தில் நிற்கும். சிறுகோள் நாள்தோறும் சற்றே நகரும். இவ்வொன்றே வேறுபாடு.

எனவே, வானத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு அங்குள்ள மங்கிய விண்மீன்கள் அனைத்தையும் முதலில் வரைபடத்தில் குறித்தல் வேண்டும். பின்னர் இரவுதோறும் வானையும் படத்தையும் மாறிமாறி ஒப்பிடுதல் வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் அது படம் வரைந்தோர் விட்டுவிட்ட விண்மீனாகவும் இருக்கலாம். ஒளி மாறும் விண்மீனாகவும் இருக்கலாம். அடுத்த இரவும் நோக்கி, அது நகர்ந்திருப்பின் மட்டுமே சிறுகோள் என ஐயுறலாம். முகில் மூடினால் காத்திருத்தல் வேண்டும். பருவமழைக் காலமும் கடற்கரை நகரின் ஈரக்காற்றும் சென்னையில் இப்பணிக்குப் பெருந்தடைகள்.

கண்டதோடு பணி முடிவதில்லை. சில வாரங்கள் தொடர்ந்து இடத்தைக் குறித்து, பாதையைக் கணித்து, பிறருக்கும் அறிவித்தல் வேண்டும். தவறின் அது மீண்டும் விண்மீன் கூட்டத்தில் மறைந்துவிடும். சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கடிதம் கடல்வழியே சென்று சேர வாரங்கள் பல ஆன காலம் அது. இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கு இடையில் 1864 மே 2 அன்று சாப்போ என்னும் சிறுகோளையும், 1866 மே 16 அன்று சில்வியாவையும், 1868 நவம்பர் 17 அன்று கமில்லாவையும், நீண்ட இடைவெளிக்குப் பின் 1885 பிப்ரவரி 6 அன்று வேராவையும் போக்சன் கண்டார். ஆக, சென்னையிலிருந்து ஐந்து. இங்கிலாந்தில் கண்டவற்றோடு சேர்த்து எட்டு.

87ஆவது சிறுகோளாகிய சில்வியாவுக்குப் பெயரிடுகையில் உரோமானியத் தொன்மக் கதையில் வரும் இரியா சில்வியா என்னும் அன்னையை அவர் நினைவிற் கொண்டார். உரோம் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் இரோமுலசு, இரீமசு என்னும் இரட்டையரின் தாய் அவள். இப்பெயர்ப் பொருத்தத்தைப் பின்னர்க் காண்போம்.

பிற பணிகள்

சிறுகோள்கள் அவர் பணியின் ஒரு பகுதியே. ஒளி மாறும் விண்மீன்கள் பலவற்றை அவர் கண்டறிந்தார். 1863 மே மாதத்தில் விருச்சிக மண்டலத்தில் திடீரென ஒளிர்ந்த விண்மீன் ஒன்றைக் குறித்து வைத்தார். அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடித்து ஒளிரும் அரியவகை விண்மீன் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. 2010இலும் 2022இலும் அது மீண்டும் ஒளிர்ந்தபோது வானியலார் அதன் முதற்பதிவாகச் சென்னைக் குறிப்பையே சுட்டினர்.

1868 ஆகத்து 18 அன்று நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பை மசூலிப்பட்டினத்திலிருந்தும், 1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்ததைக் கோவைப் பகுதியிலுள்ள அவினாசியிலிருந்தும் அவர் ஆராய்ந்தார். 1872 நவம்பர் இறுதியில் ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையாகப் பொழிந்தன. காணாமற்போன பீலா வால்மீனின் துகள்கள் அவை எனக் கருதிய செருமானிய அறிஞர் கிளிங்கர்பியூசு, தென்வானில் அதனைத் தேடுமாறு சென்னைக்குத் தந்தி அனுப்பினார். முகில் விலகிய சிறுபொழுதில் போக்சன் சுட்டிய இடத்தருகே ஒரு வால்மீனை இரண்டு நாள் கண்டார். அது பீலா வால்மீன் அன்று என்பது பிற்கால முடிபு. எனினும், தந்தி கண்டு சில நாள்களுக்குள் ஒரு வால்மீனைப் பிடித்தது அவர்தம் விழிப்புக்குச் சான்றாகும்.

இவற்றோடு நாட்டுக்கு நேரம் அறிவிக்கும் கடமையும் வானாய்வகத்துக்கு இருந்தது. கிரீன்விச்சு நேரத்தினும் 5 மணி 21 நிமிடம் 14 நொடி முற்பட்ட சென்னை நேரமே 1906இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை இருப்பூர்திகளை இயக்கியது.

உடன் உழைத்தோர்

ஒரு வானாய்வகம் ஒருவரால் இயங்குவதன்று. போக்சனின் தலைமை உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் திறமிக்க நோக்காளர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். 1874இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் குறுக்கே கடந்தபோது அதனை மக்களுக்கு விளக்கச் சிறு நூல் ஒன்றை எழுதி, உருது உள்ளிட்ட இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார். வானியலைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டு சேர்க்க முனைந்த அப்பெரியார் 1880இல் மறைந்தார்.

மற்றொருவர் போக்சனின் மகள் எலிசபெத்து ஐசிசு. 1869இல் தாயார் மறைந்தபின் பெரிய குடும்பத்தின் சுமையில் பங்கேற்ற அவர், 1873 முதல் வானாய்வகத்தில் கணக்கீட்டாளராகப் பணிபுரிந்தார். பின்னர் மாகாண வானிலைப் பதிவுகளின் பொறுப்பையும் ஏற்றார். 1886இல் அரச வானியற் கழக உறுப்பினர் பதவிக்குத் தந்தை அவரை முன்மொழிந்தார். கழக விதிகளில் ஆண்பாற் சொல்லே இருப்பதால் பெண்ணை ஏற்க இயலாது என்று காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1920இல் அதே கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. கல்வி கற்கும் நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

நிறைவேறாப் பணி

போக்சனின் வாழ்வைப் புகழ்மாலையாக மட்டும் தொடுப்பது நேர்மையாகாது. அவர்மீது சுமத்தப்பட்ட குறை ஒன்று உண்டு. அதில் உண்மையும் உண்டு.

1862 முதல் 1887 வரை கால்நூற்றாண்டுக் காலம் விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளக்கும் பணியை அவர் நடத்தினார். ஓர் இரவின் நோக்கங்களைப் பயன்படும் வடிவில் கொணர்வதற்குப் பகலில் நெடுங்கணக்குகள் செய்தல் வேண்டும். உதவியாளர் சிலரே இருந்த வானாய்வகத்தில் நோக்கங்கள் குவிந்த வேகத்திற்குக் கணக்குகள் ஈடுகொடுக்கவில்லை. இலண்டன் அறிஞர்கள் வெளியீடு எங்கே என வினவினர். போக்சனும் எளிதில் இணங்கும் இயல்பினர் அல்லர். புதிய நோக்கங்களைக் குறைத்துப் பழையவற்றை முடிக்கும் மனம் அவருக்கு வரவில்லை. 1862இல் தொடங்கிய நோக்கங்களின் முதல் தொகுதி 1887இல்தான் அச்சேறியது. விண்மீன்களின் இடங்கள் மெல்ல மாறுபவை. கால்நூற்றாண்டு கழித்து வரும் அட்டவணைக்குப் பயன் உண்டு எனினும், உரிய காலத்தில் வந்திருந்தால் எய்தியிருக்கும் பயன் பன்மடங்காகும்.

தென்னிந்திய மலையொன்றில் இருபது அங்குலத் தொலைநோக்கி நிறுவ வேண்டும் என 1882இல் அவர் விடுத்த வேண்டுகோளும் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. அவ்வெண்ணம் வேறு வடிவில் 1899இல் கொடைக்கானல் வானாய்வகமாக மலர்ந்தது. 1878இல் சி.ஐ.இ. என்னும் பட்டம் அளித்து அரசு அவரைச் சிறப்பித்தது. ஆயினும், உடல்நலம் குன்றியபோதும் தாயகம் சென்று ஓய்வு கொள்ளாமல் உழைத்த அவர், 1891 சூன் திங்களில் சென்னையிலேயே மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் செருமனியின் ஐடெல்பர்கு நகரில் மாக்சு உல்பு என்பவர் ஒளிப்படத் தகட்டின் உதவியால் முதன்முதலாகச் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். கண்ணாலும் வரைபடத்தாலும் தேடிய தலைமுறையின் காலம் அத்துடன் முடிவை நெருங்கிற்று.

போக்சன் விட்டுச்சென்ற விண்மீன் அட்டவணைப் பணியை அவருக்குப் பின் பொறுப்பேற்ற மிச்சி சுமித்து நிறைவு செய்து வெளியிட்டார். ஒளி மாறும் விண்மீன்கள் பற்றிய குறிப்புகள் 1908இல் இங்கிலாந்தில் பதிப்பிக்கப்பட்டன. ஆசிரியர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னரே அவை உலகின் பார்வைக்கு வந்தன.

சில்வியாவின் குடும்பம்

இனி, போக்சன் 1866இல் கண்ட புள்ளியிடம் திரும்புவோம். சில்வியா நன்கு அண்மையில் வரும்போதும் ஏறத்தாழப் பன்னிரண்டாம் தர ஒளியே உடையது. அவர் வகுத்த கோலின்படியே கணக்கிட்டால், வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லையைவிட இருநூற்றைம்பது மடங்கு மங்கலானது. அதன் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கைந்து பங்கையே திருப்பி அனுப்பும் கரிய பரப்பு.

சிறுகோள் மண்டலத்தின் வெளிப்புற ஓரத்தில், ஞாயிற்றிலிருந்து புவியின் தொலைவைப் போல் சுமார் மூன்றரை மடங்கு தொலைவில் அது சுற்றுகின்றது. ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. சராசரி விட்டம் ஏறத்தாழ 270 கி.மீ.; சென்னைக்கும் பெங்களூருக்கும் உள்ள நேர்த்தொலைவைவிடச் சற்றே குறைவு. உருண்டையாக இன்றி நீண்ட வடிவினது. தன்னைத்தானே 5 மணி 11 நிமிடத்தில் ஒருமுறை சுற்றிக்கொள்கின்றது.

2001 பிப்ரவரியில் அமெரிக்க அறிஞர்களாகிய மைக்கேல் பிரவுனும் சான்லூக்கு மார்கோவும் அவாய்த் தீவிலுள்ள கெக்கு தொலைநோக்கியின் வழியே சில்வியாவைச் சுற்றும் சிறு நிலவு ஒன்றைக் கண்டனர். 2005இல் பிராங்கு மார்சீசு குழுவினர் சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியால் எடுத்த படங்களிலிருந்து இரண்டாவது நிலவையும் கண்டு அறிவித்தனர். இரு நிலவுகளையுடைய சிறுகோள் என உலகம் அறிந்தவற்றுள் சில்வியாவே முதலாவது. தாயின் பெயர் முன்னரே இடப்பட்டிருந்தமையால் பிள்ளைகளின் பெயருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அவற்றுக்கு இரோமுலசு, இரீமசு எனப் பெயரிட்டனர். போக்சன் தாய்க்குப் பெயரிட்ட 139 ஆண்டுகளில் சில்வியா ஞாயிற்றை இருபத்தொரு முறை சுற்றி வந்திருந்தது.

இரோமுலசு 1,360 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 3.6 நாளுக்கு ஒருமுறையும், இரீமசு 710 கி.மீ. தொலைவில் 33 மணி நேரத்துக்கு ஒருமுறையும் தாயைச் சுற்றுகின்றன. இச்சுற்றுக் காலங்களைக்கொண்டு சில்வியாவின் நிறையைக் கணிக்க முடிந்தது. நிறையையும் பருமனையும் ஒப்பிட, அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே மிகுதி என்பது புலனாயிற்று. கெட்டியான ஒரே பாறையாயின் அடர்த்தி இதனினும் மிகுந்திருக்கும். எனவே, பண்டொரு காலத்தில் பெரும் மோதலால் சிதறிய துண்டுகள் ஈர்ப்பினால் மீண்டும் குவிந்ததே சில்வியா என்றும், இடையிடையே வெற்றிடங்கள் மிகுந்த கற்குவியல் போன்றது என்றும், சேராமல் எஞ்சிய துண்டுகளே அந்நிலவுகள் என்றும் அறிஞர் கருதுகின்றனர்.

மற்றொரு வியப்பும் உண்டு. போக்சன் 1868இல் சென்னையிலிருந்து கண்ட கமில்லாவுக்கும் 2001இல் ஒரு நிலவும் 2016இல் மற்றொரு நிலவும் கண்டறியப்பட்டன. நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கியில் தனிப்புள்ளிகளாகத் தெரிந்த ஐந்தில் இரண்டு மும்மூன்று பொருள்களின் குடும்பங்களாக இருந்திருக்கின்றன.

நிறைவாக

போக்சனின் உழைப்பை இரு கூறாகப் பிரித்து நோக்கலாம். சிறுகோளைக் கண்டவுடன் குறித்து அறிவித்தாக வேண்டும் என்பது அப்பணியின் இயல்பு. ஆதலால் சில்வியா பிறர் கைக்கு உடனே சென்றது. அவர்கள் அதனைத் தொடர்ந்து காத்தனர். அவர் அறியாத உண்மைகளை அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்வந்தோர் அதனிடம் கண்டனர். விண்மீன்களின் இடங்களையோ அவர் இருபத்தைந்து ஆண்டுகள் கையில் வைத்திருந்தார். அதே கண்ணும் அதே கருவியும் அதே கண்விழிப்பும் அவற்றிலும் இருந்தன. ஆயினும், உரிய பயன் உரிய காலத்தில் விளையவில்லை.

கல்வியை அமானிதம் என்று நம் பெரியோர் உணர்த்தினர். அமானிதம் என்பது காப்பதோடு முடிவதில்லை. உரியவரிடம் உரிய வேளையில் ஒப்படைத்தால்தான் நிறைவுறும். நம்மிடையே ஓலைச்சுவடிகளையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் தேடித் திரட்டியோர் பலர் உளர். ஊர் வரலாறுகளைக் கேட்டுக் குறித்தோரும் ஆய்வேடுகளுக்காகத் தரவு தொகுத்தோரும் பலர் உளர். அவற்றுள் எத்தனை அச்சேறின, எத்தனை பெட்டிகளில் உறங்குகின்றன என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் தகும். முழுமை பெறட்டும் எனக் காத்திருக்கும் குறிப்பைவிட, சிறிதாயினும் பிழையின்றி வெளியிட்ட குறிப்பே அடுத்த தலைமுறைக்கு உதவும்.

1968 ஏப்ரலில் சுவிட்சர்லாந்து வானியலார் பால் வைல்டு கண்டறிந்த 1830ஆம் எண் சிறுகோளுக்குப் போக்சன் என்றே பெயர் வழங்குகின்றது. அதனையும் ஒரு சிறு நிலவு சுற்றி வருவது 2007இல் தெரிய வந்தது. சந்திரனின் மறுபுறத்தில் ஒரு பள்ளமும் அவர் பெயரைத் தாங்குகின்றது. நுங்கம்பாக்கத்தின் வழியே செல்லும் மாணவர்கள், அவ்விடத்திலிருந்துதான் சில்வியா முதன்முதல் மனிதக் கண்ணுக்குப் புலப்பட்டது என்பதை நினைவு கூர்வார்களாக. தாம் கண்டதைப் பிறரும் காணுமாறு விரைந்து தரும் நல்லுள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.